செம்பில் வந்த பூச்சி

வள்ளியாத்தாள் முறத்தோடு மணியகாரர் வீட்டு வாசலில் நின்றாள்.

“ரெண்டு படி நெல்லு இருந்தாக் குடுங்க மாமா. புள்ள பெத்தவளுக்குக் கஞ்சி காச்சோணும். அறுப்பு முடிஞ்சதும் அளந்து போட்டர்றனுங்க.”

மணியகாரர் அப்புசாமி கையை விரித்தார்.

“ஏனம்மிணி, ஜப்பான்காரன் சண்டை நடக்குது. ஊரே கம்பங்கூழு குடிக்குது, நானும் அதேதான். நெல்லைக் கண்ணுல பாத்து வருசமாச்சு. உன்ற மகளுக்கு மட்டும் நெல்லஞ்சோறு கேக்குதாக்கும்?”

வெளியூர் ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருக்கும்போது மணியகாரர் இப்படிக் கேட்டதில் அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

அந்த ஆள் விவசாய இலாகாவின் பூச்சி ஆபீசர் அருணகிரி. மடியில் தாலுகா வரைபடம். அதில் அங்கங்கே சிவப்பு மைப் புள்ளிகள். கையில் கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புப் பூச்சி, ஊசியில் குத்தியிருந்தது.

“கரும்புக் குருத்தைத் துளைக்கிற புழு இந்தப் பூச்சியோட முட்டையிலிருந்துதான் வருது. எந்தெந்த ஊர்ல இருக்குன்னு பார்த்துப் புள்ளி வெச்சுக்கிட்டு வர்றேன். இங்கே உண்டா?”

“எங்க ஊர்லயா? இப்படியொண்ணைக் கண்டதே இல்லீங்க. ஆத்துக்கு அக்கரையில போய்ப் பாருங்க.”

பூச்சி இருக்கிறது என்று தெரிந்தால் வழக்கமாக வாங்கும் ஜேடர்பாளையத்துக்காரர்கள் இனி இங்கே விதைக்கரும்பு வாங்க மாட்டார்கள். மணியகாரரின் கவலை அது.

“அக்கரையில உங்க ஊரைக் கை காட்டினாங்க” என்று சிரித்தபடி ஆபீசர் வரைபடத்தை மடித்தார். “சரி, நான் வர்றேன். புள்ளி வெச்ச ஊருக்குத்தான் சர்க்கார் சீமெண்ணெய். கரும்புக்காட்டுல விளக்கு வெச்சுப் பூச்சியைப் பிடிக்கிறதுக்கு. இங்கே அந்தச் செலவு இல்லை.”

சீமெண்ணெய் கண்ணில் படாமல், ஊரே ஆமணக்கெண்ணெய்ப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த வருஷம். மணியகாரர் எழுந்தே விட்டார்.

“அவசரப்படாதீங்க சாமி, செத்த உக்காருங்க. எங்க கரும்புல அந்தச் சனியன் இல்லாமயா போயிரும்? சௌந்திரம், ஆபீசருக்கு மோர் கொண்டா.”

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து அவர் மனைவி சௌந்திரத்தின் குரல் கேட்டது. “ஏனுங்க, அதையா குடுக்கப் போறீங்க?”

“சும்மா இரு. டவுன்காரனுக்கு என்ன தெரியப் போகுது?”

ஆபீசர் மோர் குடித்து முடிக்கவில்லை, மணியகாரர் பின்கட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு செம்பு, அதன் வாயைத் துண்டால் கட்டியிருந்தார்.

“பாருங்க. கரும்புக்காட்டுல புடிச்சது. அள்ள அள்ள வருதுங்க.”

வள்ளியாத்தாள் அவர் காலைப் பார்த்தாள். காலையில்தான் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்திருந்தது. காலில் பொட்டுச் சேறு இல்லை. நமக்கெதுக்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆபீசர் ஒரு பூச்சியை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுவும் பழுப்பு, இதுவும் சின்னது. ஆனா கரும்புப் பூச்சிக்கு முகத்துல மூக்காட்டம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். இதுக்கு அது இல்லையே. பின் இறக்கை ஓரம் பூரா மயிர்.”

“மூக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க? பூச்சி பூச்சிதானே. ஒரு புள்ளி வெச்சு உடுங்க.”

“கரும்புக்கு வெக்க முடியாதுங்க.” ஆபீசரின் பார்வை மணியகாரரைத் தாண்டி, நடைக்கு அப்பால் பூட்டிக் கிடந்த அறைக்குப் போயிற்று. “இது நெல்லைத் தின்னுற அந்துப்பூச்சி. மூட்டை மூட்டையா அடைச்சு, மாசக்கணக்காத் திறக்காத நெல்லுலதான் இத்தனை வரும்.”

மணியகாரர் அவசரமாகச் செம்பின் வாயைத் துண்டால் மூடினார். செம்பிலிருந்து தப்பிய ஒரு பூச்சி மட்டும் சாவகாசமாகப் பறந்து வந்து மணியகாரரின் தலைப்பாகையில் உட்கார்ந்தது.

வள்ளியாத்தாள் நடைப்பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

“சௌந்திரக்கா, அந்த ரூம்புச் சாவியை எடுத்து வையுங்க. முறம் பத்தாதாட்ட இருக்குது, ஊட்டுக்குப் போயிக் கூடை எடுத்துட்டு வாரேன்.”