ஈட்டியை உருவியவள்

மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் பொம்மை டிராகன் நெஞ்சில் ஈட்டியோடு செத்துக் கிடந்தது. அது எரித்த ஊரின் அட்டை வீடுகளையும் இறந்த மூன்று வீரர்களையும் ஆட்டத்தை நடத்தும் ஜெரால்டு பெட்டிக்குள் போட்டுவிட்டான்.

"ஊரே போச்சு. நீ மட்டும்தான் மிச்சம், தஸ்லிமா. கடைசியா என்ன செய்யப்போற?"

அவன் ஒரு ஜப்பானிய காமிக்ஸிலிருந்து எடுத்த ஆட்டம் அது. வலமிருந்து படிக்கவேண்டிய அந்தப் புத்தகத்தைத் தஸ்லிமா தெரியாமல் இடமிருந்து, கடைசிப் பக்கத்தை முதலாக வைத்துப் படித்தாள். தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் கதை செத்த டிராகனில்தான் தொடங்கும்.

"ஈட்டிய உருவுறேன்."

"உருவினா அது எழுந்திரிச்சிடும்."

"எழுந்திரிக்கட்டும். கக்கின நெருப்பையெல்லாம் திரும்ப முழுங்கட்டும்."

வீரர்களை இழந்த மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள்.

"இருபது விழுந்தா ஒத்துக்கறேன்" என்றான் ஜெரால்டு.

தஸ்லிமா உருட்டிய இருபது முகப் பகடை, எரிந்த ஊரைக் கடந்து, டிராகனின் வாலில் முட்டி நின்றது. இருபது.

ஜெரால்டு டிராகனை நிமிர்த்தி வைத்தான். பெட்டியைத் திறந்து வீடுகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான்.

"அப்ப நாங்க?" என்றார்கள் செத்துப்போன மூவரும்.

தஸ்லிமா பகடையைக் கையில் எடுத்தாள்.

"பொறுங்க. அடுத்த பக்கத்துல வர்றீங்க."