தேரடியிலிருந்து சுமைதாங்கிக் கல் வரை

கால் இறங்கிவிட்டது.

அவன் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. தேரடி வந்ததும் வலது கால் தன்பாட்டுக்குச் சீட்டைத் தாண்டி வந்து தரையில் நின்றது. கைகள் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்திருந்தன.

ஐம்பத்திரண்டு வயது. வங்கியில் முதுநிலை மேலாளர். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள்.

இந்த ஒரு தெருவை ஓட்டிக் கடப்பதற்காகத்தான் வந்திருந்தான்.

திருச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு. அவனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். முப்பது கிலோமீட்டர் சுற்று. வாய்க்கால் கரையோடு வந்து, அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்து, வயலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலைச் சமணர் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு, அடுத்தது தேர். வாட்ஸ்அப்பில் வரைபடம் வந்த அன்றே அதில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டான். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

அது தன் ஊர் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில் வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகினான். சீட்டைப் பிடித்திருந்த கையை விட்ட அன்று அப்பா பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"தேரடி வந்தா எறங்கிடு. சுமதாங்கிக் கல்லு தாண்டுனா ஏறிக்க."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. காலனிப் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது மேலத்தெரு. மேலத்தெருக்காரர்களுக்கு முன்னால் காலனிக்காரன் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவனுக்கு இடையில் ஒரு பட்டம் இருந்தது. மூன்று பதவி உயர்வு இருந்தது. சொந்த வீடு இருந்தது. கால் எதையும் மதிக்கவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தான்.

தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. நடுத்தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது.

நாய்க்காகவா இறங்கினோம் என்று நினைத்தபோது காது மடல் இரண்டும் சுட்டன.

ஏறிவிடலாம். யாரும் பார்க்கவில்லை.

பார்த்துவிட்டார்கள்.

"பாருங்க, சார் எப்படி எறங்கிட்டாரு," என்றாள் குழுவை நடத்தும் சுபத்ரா. "தேர் நிக்கிற தெருவுல வண்டில உக்காந்து போறது மரியாதை இல்லதான். நமக்குத் தோணல பாருங்க."

அவள் இறங்கினாள். ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். இன்னொருவர் அவன் தள்ளிக்கொண்டு போவதை வீடியோ எடுத்தார்.

சொல்லியிருக்கலாம். எதற்காக இறங்கினான் என்று.

ஆனால் பக்திமான் ஆகிவிடுவது சுலபமாக இருந்தது. தேர் நின்ற பக்கம் திரும்பித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தவும் செய்தான்.

அந்தத் தேரின் வடத்தை அவன் அப்பா ஒரு நாளும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. அதற்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது, இறங்கியதைவிடக் கேவலமாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

பன்னிரண்டு சைக்கிள்களும் மேலத்தெருவில் உருண்டுகொண்டிருந்தன.

பின்னால் ஹாரன் கேட்டது.

மொபெட்டில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பின்னால் புல்லுக்கட்டு. நடுத்தெருவிலேயே வந்தாள். நாய் எழுந்து வழிவிட்டது.

சுமைதாங்கிக் கல்லுக்கு அந்தப் பக்கம் காலனியைத் தவிர வேறு குடியிருப்பு இல்லை. அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"என்ன சார், அத்தன பேருக்கும் ஒண்ணா பஞ்சராயிடுச்சா?"

"இல்லம்மா, தேருக்கு மரியாத," என்றாள் சுபத்ரா. "சார்தான் எங்களுக்குக் காட்டிக் குடுத்தாரு."

"தேருக்கா? நாங்க தெனம் இதுலதான் போறோம். தேரு ஒண்ணும் சொன்னதில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவன் முன்சக்கரத்தைப் பார்த்தான். டயர் கல்லு மாதிரி இருந்தது. காற்று போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"நான் காலனி பக்கிரி மவன்ம்மா," என்றான்.

உரக்கச் சொல்லத்தான் நினைத்தான். மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் சுபத்ராவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

மொபெட்காரி அவன் முகத்தைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பாவும் இந்தத் தெருவில் தள்ளியவராகத்தான் இருப்பார்.

இஞ்சினை அணைத்தாள்.

"சைக்கிள்ல ஏறுங்கண்ணே," என்றாள்.

பின்னால் பதினோரு சைக்கிள்களும் நின்றுவிட்டன.

சுமைதாங்கிக் கல்லுக்கு இன்னும் இருபது அடி இருந்தது.