பச்சை விளக்கு

கர்ப்பப்பை வாய்ச் சோதனையை முடிக்காத பெண் இருக்கும் வீட்டுக்கு ரேஷன் இயந்திரம் அரிசி போடாது. அதனால் சோதனைக்குப் போகும்போது இசக்கியம்மாள் மூத்த ஓரகத்தி வேலம்மாளின் அட்டையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவாள். வேலம்மாளுக்குக் கூச்சம்.

"ஏட்டி, எனக்கும் சேத்து நீயே படுத்து எந்திரிச்சிட்டு வந்திரு" என்பாள்.

தெருவே அப்படித்தான் செய்தது. பெண்களின் மானம் போய்விடக் கூடாதென்று சோதனைக் கூண்டில் முகம் பார்க்காத இயந்திரத்தை வைத்திருந்தார்கள். படுத்தால் மெல்லிய குச்சி ஒன்று உள்ளே தடவி வெளியே வரும். வலிக்காது. அட்டைக்குப் பச்சை விளக்கு எரியும்.

இந்த வருடம் வேலம்மாளுக்கு உதிரம் நிற்கவே இல்லை. இயந்திரம் சிவப்பு காட்டாதவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். இசக்கியம்மாள் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். குச்சி வெளியே வரவில்லை. அட்டையை மட்டும் படித்துவிட்டு இயந்திரம் பேசியது.

"போன சோதனையில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஐந்து வருடம் கழித்து வாருங்கள்."

"அது நான் குடுத்தது. இவளை இன்னும் நீ பாக்கவே இல்லையே" என்று இசக்கியம்மாள் கெஞ்சினாள். தன் அட்டையை வைத்தாவது அவளைச் சோதிக்குமா என்று பார்த்தாள். அதற்கும் பச்சைதான்.

வேலம்மாள் நனைந்த சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு அதுவே சொல்லுதுல்லா. நீதாம்ட்டி சும்மா பயங்காட்டுத."