வழித்துணைப் பேச்சு

செவலையும் மயிலையும் எட்டு வருஷம் ஒரே வண்டி இழுத்த காளைகள். வழியெல்லாம் செவலை பேசிக்கொண்டே வரும். வலப்பக்கம் நடக்கும் மயிலை வாயே திறக்காது. தலைக்கனம் என்று நினைத்து, கடைசி வருஷம் செவலையும் பேச்சை நிறுத்திவிட்டது.

வயதாகி வண்டியை விட்ட பிறகு, ஒரு கோசாலையில் மயிலைக்கு வலப்பக்கமாகச் செவலையைக் கட்டினார்கள். மனசு கேட்காமல், "அந்தப் புளியமரத்துச் சாலை ஞாபகம் இருக்கா?" என்றது செவலை. மயிலை சட்டென்று திரும்பியது.

"இருக்குப்பா. எனக்கு இடது காது பிறவியிலேயே கேக்காது. நீ பேசறப்போ உன் மூச்சு கழுத்துல சூடாப் படும். அந்தத் தெம்புலதான் மேடெல்லாம் ஏறுனேன். அது நின்னப்போ, என்ன கோவம்னு கேக்கத் தைரியம் வரல."

செவலை நெருங்கி நின்றது. "முதல் நாள் நான் என்ன சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தது.