ஆக்சுவல்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஹோட்டல் துணி வெளுக்கும் ஆலை. இஸ்திரி உருளையிலிருந்து வெள்ளை விரிப்பு ஆவி பறக்க வெளியே வருகிறது. ஒரு முனையை லரீசா பிடிக்கிறாள், மறுமுனையைச் சயந்தினி. லரீசா கசகஸ்தான்காரி, தாய்மொழி ரஷ்யன். பல்கலைக்கழகத்தில் சேர அவளுக்கு நாளை ஆங்கிலத் தேர்வு; இரண்டு தரம் விழுந்தாயிற்று, இதுதான் கடைசி. உருளையின் தகட்டில் ஒட்டிய சொல் அட்டைகள் ஈரத்தில் சுருண்டு கிடக்கின்றன. விரிப்புக்கு ஒரு ஆங்கிலச் சொல்லாகச் சயந்தினி கேட்கிறாள்; லரீசா ஜெர்மனில் பொருள் சொல்ல வேண்டும்.

"ஆக்சுவல்?"

"உண்மையான."

பின்னால் நின்ற மேற்பார்வையாளர் கிராமர் அந்த அட்டையைப் பிய்த்தெடுக்கிறார். "பிழை! எங்கட ஜெர்மன் 'அக்டுவெல்' தானே இது? 'இப்போதைய' எண்டு சின்னப்பிள்ளையும் சொல்லும். பெட்ஷீட் மடிக்கிற கைக்கு இங்கிலீஷ் என்னத்துக்கு?"

சயந்தினி சிரிப்பை விரிப்புக்குள் புதைக்கிறாள். லரீசா சூட்டில் சிவந்த கையை நீட்டி அட்டையைப் பிடுங்குகிறாள்.

"ரஷ்யனிலயும் 'இப்போதைய'தான், ஹெர் கிராமர். அதை நம்பித்தான் போன தரம் விழுந்தனான். நாளைக்கு நீங்கள் போய் எழுதினால் பெயில். நான் பாஸ்."

அட்டையைப் பழைய இடத்திலேயே அறைந்து ஒட்டுகிறாள். அடுத்த விரிப்பு வருகிறது. முனையை இழுத்துப் பிடிக்கிறாள்.

"சயந்தினி, அடுத்த சொல்லைக் கேள். கொஞ்சம் சத்தமாய்க் கேள்."