விரல் நுனி ஆழம்

"செத்த வெதையக் குடுத்து ஏமாத்திப் போட்டீங்க" என்று கடை வாசலில் நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டுப் போனான் தனபால்.

கத்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மிச்ச விதையைப் பாக்கெட்டோடு கல்லா மேல் வீசியதைத்தான் கடைக்காரர் சென்னிமலையால் பொறுக்க முடியவில்லை.

ஆடி மாதம். திருச்செங்கோட்டு விதைக்கடைக்காரருக்கு வருஷத்து வியாபாரமே இப்போதுதான். விதை முளைக்கவில்லை என்ற பேச்சு ஒரு சந்தை நாளைத் தாண்டினால் போதும், கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து தனபால் வீட்டுப் பின்கட்டில் நின்றார்.

தனபால் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். சித்திரையில் வீடு வந்தவன் திரும்பப் போகவில்லை. தோட்டம் போடுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

பாத்தி என்னவோ நூல் பிடித்தாற்போல இருந்தது. மண்ணில் ஈரமும் இருந்தது. முளையைத்தான் காணோம்.

"பாத்துக்கங்க. தெனமும் தண்ணி ஊத்தறேன். ஒண்ணே ஒண்ணு தல தூக்குச்சா?" தனபாலின் கண்கள் சிவந்து கிடந்தன.

சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார்.

விரல் நுனியால் கீறினார். விதை இல்லை.

விரல் முழுவதையும் இறக்கினார். இல்லை.

முழங்கை வரை உள்ளே போன பிறகுதான் கையில் ஏதோ அகப்பட்டது.

சுவரோரம் மண் அப்பிய கடப்பாரை சாய்ந்திருந்தது. சென்னிமலைக்கு விளங்கிவிட்டது. கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு பீறிட்டது.

"ஏனுங்க தனபாலு, வெண்டைய நடச் சொன்னா போர் போட்டு எறக்கி வெச்சிருக்கறீங்களே! கேசிங் பைப்பு ஒண்ணுதான் பாக்கி!"

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். தனபால் சிரிக்கவில்லை.

சென்னிமலை உள்ளங்கையை விரித்தார். விதை பிளந்திருந்தது. அதிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு தண்டு, வளைந்து நெளிந்து, நுனி கறுத்துக் கிடந்தது.

விதையைப் பற்றிப் பேசக் கிடைத்தால் அவர் விடமாட்டார். இன்றைக்குக் கடையின் மானமும் சேர்ந்துகொண்டது. மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"செத்த வெதையா இது? உசுரோடதான் உள்ள போயிருக்குது. வெதைக்குள்ள ரெண்டு பருப்பு இருக்குதுங்க. அதுதான் அதுக்குக் கட்டுச்சோறு. சோறு தீர்றதுக்குள்ள வெளிச்சத்துக்கு வந்துரோணும். வெரல் நுனி ஆழம்னா வந்துரும். இத்தன ஆழத்துல போட்டா? மேல எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுமுங்க. இருட்டுக்குள்ளயே முட்டி முட்டிப் பாத்திருக்குது. முடியாமத்தான் போயிருச்சு."

தனபாலின் தாடை இறுகியது.

"குத்தம் வெத மேல இல்லீங்க" என்றார் சென்னிமலை. "குழி போட்டவன் மேல."

தனபால் பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு சட்டையை விட்டுவிட்டுப் பாத்தியில் மண்டியிட்டான். இரண்டு கைகளாலும் மண்ணை வாரி வாரி வெளியே வீச ஆரம்பித்தான்.

"சொன்னா ரோசம் மட்டும் பொத்துக்கிட்டு வருதாக்கும்!" பொத்தான் அறுந்த சட்டையைச் சரிசெய்தபடி சென்னிமலை வண்டியை நோக்கி நடந்தார்.

வாசலில் தனபாலின் மனைவி சத்யபிரியா வழிமறித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. வடக்க ஒரு வெள்ளாமக் காட்டுல இவரு போட்ட போருல தண்ணி வல்லைன்னு, மூடாமயே உட்டுட்டு வந்துட்டாங்க."

"அதுக்கு?"

"அந்தக் காட்டுக்காரங்க பாப்பா உள்ள போயிருச்சுங்கண்ணா. ரெண்டு நாளு சத்தங் கேட்டுட்டே இருந்துச்சாமா."