ஆறுக்கு ஆறு

முதலாளிக்கு மாலை போட்ட கை இறங்குவதற்குள் அழகையா அளவு டேப்பை எடுத்துவிட்டார்.

கோயில் முற்றத்தில் தேயிலைத் தோட்டமே கூடி நின்றது. மேசை மேல் வண்டிச் சக்கர ரிம்கள் நான்கு, வெள்ளியாய் மின்னிக்கொண்டு. தோட்டத்துக்கென்று இருக்கும் ஒரே கெப் வண்டிக்கு அவை. நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ, பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்க அந்த வண்டியை விட்டால் நாதியில்லை. அதுவும் பழைய ரிம்கள் வெடித்தும் நெளிந்தும் போனதால் மூன்று மாதமாகக் கொட்டிலில் கிடக்கிறது.

கொடுத்தவர் நல்லையா முதலாளி. இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதுளையில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். அவரிடம் நடையாய் நடந்து கேட்டு அழைத்து வந்தவள் மாதர் சங்கத் தலைவி ஜெயலெட்சுமி. அவள் மகள் தயானிக்கு அடுத்த மாதம் பேறு.

"என்னண்ணே பண்றீங்க? போட்டோ எடுக்கிறாங்க, தள்ளுங்க" என்றாள் ஜெயலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டி ஓட்டும் அழகையா நகரவில்லை. "சேராது தங்கச்சி."

"என்ன சேராது? நானே எண்ணிப் பாத்துட்டேன். நம்ம வண்டியில போல்ட்டு ஆறு. இதுல ஓட்டை ஆறு. ஆறுக்கு ஆறு."

"எண்ணுனா ஆறுதான். எதிரெதிர் ஓட்டைக்கு நடுவுல அளக்கணும். நம்மளுக்கு அஞ்சரை இன்ச்சு வேணும். இது நாலரை. போல்ட்டு நுழையவே நுழையாது."

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல அளக்குறாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது.

முதலாளியின் முகம் ஒரு கணம் சுருங்கி மறுபடி மலர்ந்தது. "கடைக்காரன் பிழை விட்டுட்டான் போல. ஒண்ணும் யோசிக்காதீங்க. அடுத்த கிழமை நானே மாத்திக் கொண்டாறேன்."

படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். ரிம்கள் வந்த வண்டியிலேயே திரும்பி ஏறின.

அடுத்த கிழமை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. முதலாளி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

"எப்படி வருவாரு? அத்தனை பேருக்கு முன்னால அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா டேப்பை நீட்டுனா?" காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடிய இடத்திலேயே ஜெயலெட்சுமி கத்தினாள். "எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பாவம் உங்க தலையிலதான்!"

அன்றிலிருந்து லயத்தில் ஒருவரும் அழகையாவோடு பேசவில்லை.

சனிக்கிழமை ஜெயலெட்சுமியே பண்டாரவளைக்குப் பஸ் ஏறினாள். ரிம்மில் ஒட்டியிருந்த கடைப் பெயர் அவளுக்கு நினைவிருந்தது. ஷுக்ரியின் பழைய வாகன சாமான் கடை. அதே நான்கு ரிம்களும் வாசலிலேயே அடுக்கியிருந்தன.

"தம்பி, எங்க டிரைவர் அறிவில்லாம நடந்துக்கிட்டாரு. நல்லையா முதலாளி கோவிச்சுக்கிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை அவருக்கிட்ட பேசி, இதுக்குப் பதிலா அஞ்சரை இன்ச்சு ரிம் மாத்தித் தாங்க. எம்மகளுக்கு நாள் நெருங்கிருச்சு."

ஷுக்ரி கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாத்துறதுக்கு, அவரு இத வாங்கவே இல்லையேக்கா. ஒருநாள் வாடகைக்குத்தான் எடுத்துட்டுப் போவாரு. உங்களோடது நாலாவது தோட்டம்."

ஜெயலெட்சுமிக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை. "வாடகைக்கோ என்னத்துக்கோ... அளவைச் சரியாச் சொல்லி எடுத்திருக்கலாமே தம்பி?"

ஷுக்ரி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரியாத்தான் சொன்னாருக்கா. உங்க வண்டி என்ன மாடல், என்ன அளவுன்னு நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்தாரு. 'அதுக்குப் பொருந்தாததாப் பார்த்துக் குடு, பொருந்திருச்சுன்னா திருப்பி எடுத்துட்டு வர முடியாது'ன்னாரு."